பதினோராயிரம் வீடுகளின் அத்தை

மாலை நான்கு பத்துக்கு அத்தை கொட்டாவி விட்டால், ஊரில் பதினோராயிரத்து நானூறு வீடுகளில் விளக்குகள் மங்கும். நான்கு நாற்பதுக்கு அவர் எழுந்து முகம் கழுவியதும் பழையபடி எரியும். இந்த அரை மணி நேரத்தில் பல் மருத்துவர் நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். முடிதிருத்துபவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவரிடம் அரசியல் பேசுவார். முதல் மாதம் மட்டும் சிலர் இந்த விளக்குகளை விற்ற நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினார்கள். பிறகு புகார்ப் படிவமும் அத்தைக்குப் புரியும்படி மாற்றப்பட்டது. அதில் "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதை நிரப்ப உட்கார்ந்தவர்கள் முதுகுவலி, மருமகனின் போக்கு, மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்து, மனம் லேசாகி, விளக்கைப் பற்றி எழுத மறந்து எழுந்து போனார்கள். ஆகவே விளக்கைக் குறித்த புகார்கள் இரண்டாம் மாதத்திலிருந்து பூஜ்யம் என்றே நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

அந்த நிறுவனம் செருப்புக் கடைக்கும் மேலே சொன்ன பல் மருத்துவருக்கும் நடுவில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. விளக்கு, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர் ஹீட்டர், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் செல்போனோடும் ஒன்றோடொன்றும் பேசவைத்து விற்பது அதன் தொழில். அவை தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொண்டன. மனிதர்களோடு பேசுவதில்தான் சிக்கல். ஆரம்பத்தில் ஒரு விளக்கைப் போடப் பதினான்கு படிகள் இருந்தன. செயலியை இறக்க வேண்டும், பிறந்த தேதி கொடுக்க வேண்டும், பாஸ்வேர்ட் வைக்க வேண்டும், அது போதாது என்று விளக்கு சொன்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும், போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை முப்பது நொடிக்குள் திருப்பிச் சொல்ல வேண்டும், கடைசியில் விளக்குக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். இதையெல்லாம் இருட்டில் செய்ய முடியாது என்பதால் வாடிக்கையாளர்கள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார்கள். முதலாளியே தன் வீட்டு மின்விசிறியை நிறுத்தத் தெரியாமல் நான்கு நாள் கம்பளிச் சட்டையோடு வளைய வந்தார். ஐந்தாம் நாள் அதே சட்டையோடு அலுவலகத்துக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஒண்ணுமே தெரியாத ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு வந்துட்டா எல்லாருக்கும் வரும்."

"அதுக்கு வெளிய எதுக்கு சார் போகணும்," என்றார் நிரல் எழுதுபவர். யாரும் சிரிக்காததால் அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

கருவிகளைப் பயன்படுத்தும் முறையை வடிவமைப்பது ஒரு பெண்ணின் வேலை. எதைக் கொடுத்தாலும் "இதுக்கு ஒரே ஒரு பெரிய பட்டன் போதாதா" என்று கேட்பாள் என்பதால் அங்கே அவளுக்குப் பட்டன்காரி என்று பெயர். அவள் கையைத் தூக்கி, "எங்க அத்தை இருக்காங்க," என்றாள்.

அத்தை அவளுடைய அப்பாவின் அக்கா. முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் பார்சல் எடை போட்டு ஓய்வு பெற்றவர். தராசில் வைப்பதற்கு முன்பே கையில் வாங்கி எடையைச் சொல்லிவிடுவார். தராசு வேறு மாதிரி சொன்னால் தராசைத்தான் பழுது பார்க்க அனுப்புவார்கள். முதல் நாள் மூன்றாம் மாடியில் சோதனை அறையில் அவரிடம் ஒரு கருவியைக் கொடுத்தபோது, "இருநூத்திப் பத்து கிராம். இதுக்கா இத்தனை பேச்சு?" என்றார். பட்டன்காரி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இப்ப விளக்கைப் போடுங்க."

"எதுக்கு? வெளிச்சமாத்தானே இருக்கு."

"சும்மா ஒரு சோதனைக்கு."

"சும்மா விளக்குப் போடுற பழக்கம் எனக்கு இல்ல."

பட்டன்காரி 'காரணம் கேட்கிறார்' என்று குறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தக் கருவியும் காரணம் சொல்லாமல் எதையும் கேட்காது என்று ஆனது. இன்னொரு நாள் திரையில் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று வந்தது. அத்தை அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். "என்ன தவறு, யாரு பண்ணாங்க, எப்ப பண்ணாங்க, ஒண்ணும் போடல. இப்படி ஒரு சீட்டை எங்க கவுண்டர்ல ஒட்டியிருந்தா ஜனங்க அடிக்க வந்திருப்பாங்க. பண்ணினவன் ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" அன்று மாலைக்குள் எல்லாக் கருவிகளிலும் அந்த வாக்கியம் எடுக்கப்பட்டு, 'என் தப்புதான். கொஞ்சம் பொறுங்க' என்று மாற்றப்பட்டது. இந்த வாக்கியம் பின்னால் ஒருமுறை வருகிறது.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. குறைந்தது ஐந்து பேரை வைத்துச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆட்களை மாற்ற வேண்டும். பட்டன்காரிக்கும் அது தெரியும். ஆனால் அத்தை சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒரே ஒரு தேநீர்தான் குடித்தார், ஒவ்வொரு தாளிலும் கேட்காமலே தேதி போட்டார். அப்படிப்பட்ட ஆளை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. மூன்று வருடம், நானூற்றுப் பன்னிரண்டு அமர்வுகள், ஒரே ஆள். சோதனை அறைக்கு வாங்கிய மரப் பெஞ்சுகூட ஒரு ஆளுக்கு அளவெடுத்துச் செய்ததுதான். படிகள் பதினான்கிலிருந்து ஒன்பதாயின, ஒன்பது நான்காயின, நான்கு ஒன்றாயிற்று. மூன்றாம் வருடத்தில் ஒரு வியாழக்கிழமை அதுவும் போயிற்று. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து, 'இருட்டிக்கிட்டு வருதே' என்று நினைத்தார், விளக்கு எரிந்தது. நிரல் எழுதுபவர் கம்பிகளையும் அலைகளையும் எண்களையும் மூன்று நாள் சரிபார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விடுப்பில் போனார். அந்த வருடமே கருவிகள் பதினோராயிரத்து நானூறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அத்தை தும்மினால் துவைக்கும் இயந்திரங்கள் துணியை இன்னொரு முறை அலசின. அவர் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தால் வெந்நீர் பதமான சூட்டில் வந்தது. தொலைக்காட்சித் தொடரில் அவருக்குப் பிடித்த மருமகளை வீட்டைவிட்டு அனுப்பிய அன்று ஊரில் அழைப்பு மணிகள் எல்லாம் கம்மிய குரலில் அடித்தன. பள்ளிக்கூடத்துக்கு எதிரே புதிதாகக் குடிவந்த தம்பதி, அத்தையை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள், அவருக்குச் சளி பிடித்த வாரம் முழுக்கக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். ஊருக்கே அவர் அத்தை ஆனார். அவரிடம் யாராவது இதைச் சொன்னால், "நான் என்ன பண்ணேன், உக்காந்திருந்தேன்," என்பார்.

நிற்க. நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கதவுப் பூட்டை இலவசமாகக் கொடுத்தது. பட்டன்காரி ஒன்றைக் கொண்டுபோய்த் தன் அப்பா அம்மா வீட்டு வாசலில் பொருத்தினாள். சாவி கிடையாது, எண் கிடையாது, கைரேகை கிடையாது. வேண்டியவர் வந்து நின்றால் கதவு திறக்கும். அவளுடைய அப்பாவுக்குத் திறந்தது. அவர் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். பேப்பர் போடுபவருக்குத் திறந்தது, பக்கத்து வீட்டுப் பூனைக்கும் திறந்தது. அவளுடைய அம்மாவுக்கு மட்டும் திறக்கவில்லை. அம்மா பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. தன் வீட்டு வாசலில் நின்று, ஒரு கதவைப் பார்த்து, எழுநூறு மாணவிகளை வாய்மூட வைக்கும் அந்தக் குரலில் "திற" என்றார். பூட்டு மரியாதையாக, "என் தப்புதான். கொஞ்சம் பொறுங்க," என்றது. அவர் நான்கு மாதம் பொறுத்தார்.

காரணம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் குடும்பமாக நின்று ஒரு போட்டோ எடுத்தார்கள். வலது ஓரத்தில் நின்றவர் அத்தை. எடுக்கிற நேரத்தில் தலைமையாசிரியை, "அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார். அத்தை தள்ளி நின்றார். படம் பிரிண்ட் போட்டு வந்தபோது அதில் அத்தை பாதிதான் இருந்தார்: ஒரு காது, ஒரு கண், பாதிச் சிரிப்பு. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். எதிர்வீட்டில் இருக்கும் அத்தை அன்றிலிருந்து தம்பி வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட டைம்கீப்பர், இரண்டு வீட்டிலும் ஒன்பது வருடமாக வெயிலையும் மழையையும் பற்றி மட்டுமே பேசிவந்தார். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சி.

பட்டன்காரி அத்தையிடம் போய்க் கேட்டாள். "அத்தை, அம்மாவுக்கு மட்டும் ஏன் கதவு திறக்க மாட்டேங்குது?"

"எனக்கென்ன தெரியும், நான் என்ன பூட்டு செய்யறவளா," என்ற அத்தை, துணியை மடித்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கச் சொல்லு," என்றார்.

"அத்தை."

"சரி சரி. நானும் மனசுக்குள்ள திறன்னு சொல்லிப் பார்த்தேன்டி. திறக்கல. நான் சொல்றது ஒண்ணு, அது கேக்கறது ஒண்ணா இருந்தா நான் என்ன பண்ணட்டும்?"

இது உண்மை. அத்தை மூன்று நாள் மனதாரச் சொல்லிப் பார்த்தார். கருவிகள் அவர் சொல்வதைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டன. கொல்லர் வந்து பூட்டைக் கழற்றினார், கதவு திறக்கவில்லை. பழைய பூட்டையே மாட்டினார்கள், திறக்கவில்லை. கதவையே கழற்றிச் சுவரில் சாத்தியபோது, அந்த இடத்தில் தலைமையாசிரியைக்கு மட்டும் காற்று கெட்டியாக இருந்தது. டைம்கீப்பர் மனைவியைத் தூக்கிக்கொண்டு நுழைந்து பார்த்தார்; அவர் மட்டும் உள்ளே போய்ச் சேர்ந்தார். கதவையும் புதுப் பூட்டையும் திரும்ப மாட்டிவிட்டுக் கொல்லர் போய்விட்டார். எந்தக் கருவியும் பொருத்தப்படாத இடம் சமையலறை ஜன்னல் ஒன்றுதான். கணவர் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, தலைமையாசிரியை தினமும் காலையில் அதன் வழியாக இறங்கிப் பள்ளிக்குப் போனார், மாலையில் அதன் வழியாக ஏறி வீட்டுக்கு வந்தார். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது அந்த வழியாகப் போகும் மாணவிகள் நின்று, "குட் ஈவினிங் மிஸ்," என்பார்கள். அவரும் ஒரு கையை விட்டுப் பதில் வணக்கம் சொல்வார். கேலி செய்ய ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் கணக்குப் பரீட்சையில் 'ஒரு ஜன்னலின் உயரம் நான்கு அடி எனில்' என்று தொடங்கிய கேள்விக்கு வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டதை அவர் பார்த்தார்.

நான்காம் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை முக்காலி சரிந்தது. கணுக்கால் பிசகியது. மருத்துவர் கட்டுப் போட்டு, ஆறு வாரத்துக்கு எதன் மேலும் ஏறக்கூடாது என்றார். பதினோரு மணிக்கு டாக்ஸியில் வந்து இறங்கிய தலைமையாசிரியை, திறக்காத கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் நான்கு பேர் சேர்ந்து ஜன்னல் வழியாக அவரை உள்ளே விட்டுவிடலாம் என்றார்கள்.

"பார்சல் மாதிரியா?" என்றார் அவர். நான்கு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். "என் வீட்டுக்குள்ள என் வாசல் வழியாத்தான் போவேன். யார் வீட்டுக்கும் வரமாட்டேன். ஆறு வாரம்னா ஆறு வாரம், இங்கதான் இருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "இருபத்தெட்டு வருஷமா நான் கூட்டிப் பெருக்கின வீடு," என்றார். அவர் குரல் அப்படி இறங்கியதை மகள் அதற்குமுன் கேட்டதில்லை.

டைம்கீப்பர் வானத்தைப் பார்த்து, "மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார். இந்த முறை அது வெறும் பேச்சாக இல்லை. மேகம் கூடித்தான் இருந்தது.

பட்டன்காரி தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அம்மா அத்தையோடு சமாதானமாக வேண்டுமானால் எத்தனை படிகள் என்று எழுதினாள். தெருவைக் கடப்பது, மணியை அடிப்பது, திறக்கும்வரை நிற்பது, 'யாரு' என்று கேட்டால் பதில் சொல்வது, உட்காரச் சொன்னால் உட்காருவது, போட்டோ பேச்சை எடுப்பது, கடைசியில் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்வது என்று பதினான்கு வந்தன. அம்மாவிடம் படித்துக் காட்டினாள். அம்மா முதல் படியிலேயே நின்றார். "அவங்க முதல்ல கூப்பிடட்டும்."

படிகளைக் குறைக்க ஆரம்பித்தாள். தெருவைக் கடக்க வேண்டாம், அலுவலகத்தில் சந்திக்கலாம். மூன்று படிகள் போயின. அங்கே மணியும் இல்லை, இன்னும் இரண்டு. மன்னிப்புக் கேட்கும் படியில்தான் மாட்டிக்கொண்டாள். போனில் நிரல் எழுதுபவரிடம் ஆலோசனை கேட்டாள். ஒரு பட்டனை அழுத்தினால் "என் தப்புதான்" என்று அம்மாவின் குரலிலேயே வரும்படி அரை மணி நேரத்தில் செய்து தருகிறேன் என்றார் அவர். அம்மாவிடம் கேட்டாள்.

"நான் என்ன வாஷிங் மெஷினா?" என்றார் அம்மா.

இருந்தாலும் முதலில் விழுந்த மழைத்துளிகள் அவரை டாக்ஸியில் ஏறவைத்தன. மூன்றரை மணிக்கு லிஃப்டில் அவரை மேலே கொண்டுபோய்ச் சோதனை அறைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கட்டுப் போட்ட காலைப் பெஞ்சின் மேலேயே நீட்டிக்கொண்டார். ஒரு ஆளுக்கான பெஞ்சு அதோடு நிறைந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. பயன்படுத்துபவருக்கு விளக்கம் கொடுத்தால் வடிவமைப்பு தோற்றது என்று அர்த்தம். அது அந்தத் தொழிலின் இன்னொரு விதி. முன்பு மீறிய விதிக்குப் பரிகாரமாக இதையாவது காப்பாற்றப் பட்டன்காரி முடிவு செய்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் முதலாளி.

சரியாக நான்கு மணிக்கு, நானூற்றுப் பதிமூன்றாம் அமர்வுக்காக, அத்தை கைப்பையோடு உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்த்தார். நின்றார். நோட்டுப் புத்தகத்தில் 'மௌனம்: இரண்டு நிமிடம் நாற்பது நொடி' என்று இருக்கிறது.

"கட்டு இறுக்கமா இருக்கு," என்றார் அத்தை, காலைப் பார்த்து.

"டாக்டர் போட்டது."

"டாக்டருக்குக் கட்டத் தெரியுமா? முடிச்சு இந்தப் பக்கம் வரணும். பார்சலா இருந்தா ரெண்டு ஊர் தாண்டாது இது."

அத்தை நின்றுகொண்டே இருந்தார். முப்பத்தோரு வருடம் கவுண்டரில் நின்ற கால்கள், ஒன்றை மாற்றி ஒன்றில் சாய்ந்துகொண்டன. அதைத் தலைமையாசிரியை பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுப் போட்ட காலைக் கீழே இறக்கினார். பெஞ்சின் ஓரத்துக்கு, உடம்பு பாதி வெளியே தொங்கும் அளவுக்கு நகர்ந்தார்.

"உக்காருங்க அண்ணி."

"இடம் இருக்கா?"

"நான் தள்ளி உக்காந்துக்கறேன்."

அத்தை உட்கார்ந்தார். இருவரும் ஆளுக்குப் பாதி வெளியே இருந்தார்கள். மணி நான்கு பத்து. அத்தை கொட்டாவி விடவில்லை. ஊரில் ஒரு விளக்கும் மங்கவில்லை. தேநீர்க் கோப்பையோடு கிளம்பிய பல் மருத்துவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அன்னிக்கு உங்க கண்ணுல வெயில் அடிச்சுது," என்றார் தலைமையாசிரியை, எதிரே சுவரைப் பார்த்தபடி. "அதான் தள்ளச் சொன்னேன்."

"இதை ஒன்பது வருஷம் முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே."

அத்தை இதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் கொஞ்சம் யோசித்தார். "போகட்டும். வந்த காது நல்ல காது. இன்னொண்ணு கொஞ்சம் மடங்கியிருக்கும்."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் பெஞ்சிலிருந்து வழுக்க, அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அப்புறம் அத்தையும் சிரித்தார். பதினோராயிரத்து நானூறு வீடுகளிலும் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு, அத்தை சிரித்து முடிக்கும்வரை, அதாவது பதினாறு நிமிடம், திறந்தே கிடந்தன. வரவேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்த மைத்துனர்கள் இருவர் அந்தச் சமயத்தில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். திருட்டு ஒன்றும் பதிவாகவில்லை. ஊரிலிருந்த ஒரே திருடரின் வீட்டுக் கதவும் திறந்து கிடந்ததால் அவர் வீட்டைவிட்டு நகரவில்லை. பட்டன்காரி நோட்டுப் புத்தகத்தில், 'படிகள்: ஒன்று. நான் எழுதியதில் அது இல்லை,' என்று எழுதித் தேதி போட்டாள். அன்று மாலை மழையோடு தலைமையாசிரியை தன் வீட்டு வாசலில் போய் நின்றார். பூட்டு எதற்கும் பொறுக்கச் சொல்லவில்லை. "வாங்க," என்றது. அவர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார், அவர் பின்னாலேயே அத்தையும், கட்டை அவிழ்த்துச் சரியாகக் கட்டுவதற்காக.

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே அமர்வுகளுக்கு வருகிறார்கள். நீளமான பெஞ்சு வாங்கித் தருவதாக முதலாளி சொன்னதற்கு இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். கூடத்துப் போட்டோவில் வாரத்துக்குக் கொஞ்சமாக அத்தை உள்ளே வந்துகொண்டிருந்தார். எட்டாவது வாரம் மடங்கிய காது வரை முழுதாக வந்துவிட்டார். இடம் போதாமல் இடது ஓரத்தில் டைம்கீப்பர் பாதி வெளியே போய்விட்டார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்றார்.

இப்போது நான்கு பத்துக்கு விளக்குகள் பாதிதான் மங்குகின்றன. கருவிகள் இப்போது இருவரையும் கேட்கின்றன, தலைமையாசிரியைக்கோ பகலில் தூங்கும் பழக்கம் இல்லை. பல் மருத்துவர் தேநீரை நாற்காலியின் பக்கத்திலேயே நின்று குடிக்கிறார். மாதத்தில் இரண்டு மூன்று நாள், தொடரில் வரும் மருமகள் பேரிலோ, கட்டுப் போடும் முறை பேரிலோ, இருவருக்கும் ஏதாவது வாக்குவாதம் வரும். அன்று ஊரில் எல்லாக் கதவுகளும் பாதிதான் திறக்கும். பை வைத்திருப்பவர்கள் பையை முதலில் உள்ளே வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, பக்கவாட்டில் நுழைகிறார்கள்.